குழந்தைக்கு ஜீவனாம்சம்: டெல்டாவில் இலவச சட்ட உதவி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்த மாவட்டமானாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது. வக்கீல் கட்டணமும் இல்லை. சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போட்டும் வழி கேட்கலாம். இதுவரைக்கும் முழு மதிப்பெண் தரலாம்.

தொகை எவ்வளவு என்ற இடத்தில்தான் நாமே விழிப்பாக இருக்க வேண்டும். அமெரிக்க மாநிலங்களில் இருப்பதுபோல, இவ்வளவு வருமானத்துக்கு இவ்வளவு ஜீவனாம்சம் என்ற அட்டவணை இங்கே இல்லை. ‘சம்பளத்தில் 25 சதவீதம்’ என்று பலரும் சொல்வது, 2017-ல் ஒரு வழக்கில் மனைவிக்கு நியாயமான தொகை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைக்கு அப்படி நிலையான விகிதம் கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் 2020 ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புப்படி இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். அதைப் போட எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் 4 வாரம்.

அந்தத் தீர்ப்பிலேயே விவசாயிக்குத் தனிப் படிவம் உண்டு: நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், கடந்த 3 வருட வருமானம். அப்பா விவசாயி என்றால் அவர் போட்டிருப்பது இந்தப் படிவம்தானா என்று முதலில் பாருங்கள். பொதுப் படிவமென்றால் வருமானத்துக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். சம்பாவை மட்டும் காட்டிக் குறுவையை விடுவதும் நடக்கும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் எந்தப் பட்டத்தில் என்ன பயிர் என்பது தெரியும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் நில உரிமையாளரைக் காட்டும் சிட்டா மட்டும் போதாது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில்தான் ஏறும்; அந்தக் கணக்கு விவரத்தை வரவழைக்க மனு போடும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். இதைக் கேட்காமல் விட்டால் தொகை குறைந்துபோகலாம்.

மாதச் சம்பளக்காரர் என்றால் பி.எஃப்., வருமான வரி போக மீதியைப் பார்ப்பார்கள். அவராக வாங்கிய கடனின் தவணையைப் பொதுவாகக் கழிக்க விடுவதில்லை. பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் மனுவோடு சேருங்கள். தொகை, மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும்.

உத்தரவு வந்ததும் வேலை முடிந்தது என்று பைலை மூடிவிடும் வக்கீல்களும் உண்டு. பணம் வராவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் கெடு விழுந்த 1 வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். தாண்டினால் அந்த மாதத்துக்கு வாரண்ட் கிடைக்காது.