ஹைதராபாத் வெளிவட்டச் சாலையின் சூரியக் கூரை மிதிவண்டிப் பாதை: ஒரு மதிப்பீடு

ஹைதராபாத்தின் மேற்கு விளிம்பில், நேரு வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மிதிவண்டிப் பாதை இருக்கிறது. அதன் பெரும்பகுதிக்கு மேலே கூரையாகச் சூரிய மின் தகடுகள் வேயப்பட்டிருக்கின்றன. 2023 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட இந்தப் பாதைக்கு ‘ஹெல்த்வே’ என்று பெயர். சாலையை விரிவாக்கும்போதே நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் தனி வழி அமைக்க வேண்டும் என்று நம் நாட்டில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே அதை வலியுறுத்தியது. ஆனால் இவ்வளவு நீளத்தில், இவ்வளவு செலவில் அதைச் செய்துகாட்டிய இடங்கள் மிகக் குறைவு. வேலை நிமித்தம் இந்நகரின் மேற்குப் பகுதியில் குடியிருக்கும் தமிழர்கள் ஏராளம் என்பதாலும், அவர்களில் பலர் வார இறுதியில் எங்கே சைக்கிள் ஓட்டலாம் என்று கேட்பதாலும், 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் கண்ட நிலையை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு. வெளிவட்டச் சாலை 158 கிலோமீட்டர் நீளமும் எட்டுத் தடங்களும் கொண்ட, சுங்கம் செலுத்திச் செல்லும் விரைவுச் சாலை. இருசக்கர வாகனங்களுக்கும் பாதசாரிகளுக்கும் அதில் அனுமதி இல்லை. அவர்கள் பக்கவாட்டில் ஓடும் சர்வீஸ் சாலையைத்தான் பயன்படுத்த வேண்டும். நகரம் மேற்கே வீங்கியபோது அந்தச் சர்வீஸ் சாலைகள் போதாமல் போயின. அவற்றை இரண்டு தடங்களிலிருந்து நான்கு தடங்களாக அகலப்படுத்தும் பணியோடு சேர்த்தே இந்த மிதிவண்டிப் பாதையும் திட்டமிடப்பட்டது. பாதை இரண்டு பிரிவுகளாக இருக்கிறது. நானக்ராம்கூடாவிலிருந்து தெலங்கானா மாநில போலீஸ் அகாடமி வரை 8.5 கிலோமீட்டர் செல்வது இளஞ்சிவப்புப் பிரிவு. நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை 14.5 கிலோமீட்டர் செல்வது நீலப் பிரிவு. விரைவுச் சாலைக்கும் சர்வீஸ் சாலைக்கும் நடுவே கிடந்த நிலப்பட்டையில் பாதை போடப்பட்டிருப்பதால், புதிதாக நிலம் கையகப்படுத்தும் வில்லங்கம் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டுவிட்டது. செலவு ஏறத்தாழ 100 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது.

பாதையின் அகலம் 4.5 மீட்டர், மூன்று தடங்கள். ஒரு தடத்துக்கு ஒன்றரை மீட்டர் என்பது தாராளமான அளவுதான். சைக்கிளின் கைப்பிடி அறுபது சென்டிமீட்டர் அளவில் இருக்கும் என்று கொண்டால், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு இணையாகப் போகும் இருவரை, பின்னால் வேகமாக வரும் மூன்றாமவர் மணி அடித்துவிட்டு உரசாமல் கடந்துவிடலாம். இந்தியாவில் ‘சைக்கிள் தடம்’ என்ற பெயரில் தார்ச்சாலையின் ஓரத்தில் பச்சை வர்ணம் பூசி, அடுத்த வாரமே அதில் கார் நிறுத்த அனுமதித்துவிடும் வழக்கத்தைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, வாகனங்களிலிருந்து முழுவதும் பிரிக்கப்பட்ட இந்த அகலமே பெரிய ஆறுதல். ஏறிய சில நிமிடங்களில் தோள்கள் தளர்வதை உணரலாம். பின்னாலிருந்து எது வந்து மோதுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டவேண்டிய அவசியம் இங்கே இல்லை. இரவு விளக்குகளும் கண்காணிப்புக் கேமராக்களும் உண்டு. பாதை 24 மணி நேரமும் திறந்திருக்கிறது.

கூரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாதையின் புகழ் முழுவதும் அதில்தான் இருக்கிறது. தென்கொரியாவில் தேஜான் நகரையும் சேஜோங் நகரையும் இணைக்கும் நெடுஞ்சாலையின் நடுவே இதேபோல் தகடு வேய்ந்த மிதிவண்டிப் பாதை ஒன்று உள்ளது; ஹைதராபாத் திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி. இங்கே சுமார் 21 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியுள்ள தகடுகளின் மொத்தத் திறன் 16 மெகாவாட். ஒரு கிலோவாட் தகட்டுக்கு ஏறத்தாழ ஐந்து சதுர மீட்டர் தேவை என்று கணக்கிட்டால் 80,000 சதுர மீட்டர் வருகிறது. பாதையின் அகலத்தை நீளத்தோடு பெருக்கினால் கிடைக்கும் பரப்பும் அதற்குச் சற்று அதிகம்தான். ஆக, கூரை பெயருக்குப் போடப்பட்டதன்று, பாதையை ஏறக்குறைய முழுவதும் மூடுகிறது என்பது கணக்கிலேயே தெரிகிறது. நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் மின்சாரம் தரும். அந்தக் கணக்கில் இது நாள்தோறும் அறுபதாயிரம் யூனிட்டுக்கு மேல் உற்பத்தி செய்யக்கூடிய மின்நிலையம். இதையே தரையில் நிறுவினால் மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் வீதம் அறுபது ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டியிருக்கும். பாதை கடந்துசெல்லும் கோகாபேட்டில் 2023 ஆகஸ்டில் நடந்த ஏலத்தில் ஓர் ஏக்கர் 100 கோடி ரூபாயைத் தாண்டிப் போனது என்பதை நினைத்துக்கொண்டால், மின் உற்பத்திக்கு இந்த வான்வெளியைப் பயன்படுத்தியது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று புரியும். அந்தச் சாதுரியத்தை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கூரை யாருக்கு நிழல் தருகிறது என்ற கேள்வி வேறு. காலை ஆறரை மணிக்குச் சூரியன் கிழக்கே தாழ்வாக நிற்கும்போது ஒளி பக்கவாட்டில் சாய்வாக உள்ளே வருகிறது. கூரையின் நிழல் பாதைக்கு வெளியே, மறுபக்கத்துப் புல்லின் மேல் விழுகிறது. மாலையிலும் அப்படியே. நிழல் பாதையின் மேல் நேராக விழுவது முற்பகல் பத்தரை, பதினொரு மணிக்குப் பிறகுதான். அந்த நேரத்தில் தகடுகளின் இணைப்புகளுக்கு இடையே கசியும் ஒளி தரையில் மெல்லிய கோடுகளாக விழ, அவற்றின் மேல் சக்கரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே செல்வது இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது பாதையில் ஆள் இல்லை. உடற்பயிற்சிக்காக வருபவர்கள் எட்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுகிறார்கள். நண்பகல் வெயிலில் சைக்கிளில் போக வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் வேறு ஆட்கள்: கட்டடக் காவலாளிகள், கொத்தனார்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்பவர்கள், உணவு கொண்டுசேர்ப்பவர்கள். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்தக் கூரை அவர்களுக்குத்தான் மிகவும் தேவை. அவர்களோ இந்தப் பாதையில் இல்லை. பக்கத்துச் சர்வீஸ் சாலையின் ஓரத்தில், டிப்பர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் ஏன் உள்ளே வருவதில்லை என்பதற்கான விடை பாதையின் இருப்பிடத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கம் விரைவுச் சாலையின் வேலி, மறுபக்கம் நான்கு தடச் சர்வீஸ் சாலை. வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் பேருந்து நிறுத்தங்களும் இருப்பது சர்வீஸ் சாலைக்கு அப்பால். ஆகவே பாதைக்குள் நுழைய ஒருமுறையும், வெளியேற ஒருமுறையும் வேகமாக வாகனங்கள் ஓடும் சாலையைக் கடக்க வேண்டும். சாலை அகலமானதோடு வாகனங்களின் வேகமும் கூடியிருக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள கட்டுமானத் தளத்துக்குப் போகிறவர் இத்தனை சிரமப்பட்டுக் கடந்து, உள்ளே கொஞ்ச தூரம் நிம்மதியாக ஓட்டி, மறுபடியும் கடப்பதைவிடச் சாலையோரத்திலேயே போய்விடுவதுதான் இயல்பு. கூரைக்கு அத்தனை செலவழித்துக் கட்டிய வீட்டுக்கு வாசல் வைக்க மறந்தது போல இருக்கிறது இது. சர்வீஸ் சாலையின் குறுக்கே, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக, சாலை மட்டத்திலிருந்து சற்று உயர்த்திக் கட்டிய கடவையும், அழுத்தினால் சிவப்பாகும் விளக்கும் வைத்திருந்தால் போதும். சூரிய மின் தகட்டின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒரு பொருட்டே இல்லை.

சந்திப்புகள் இன்னும் பெரிய சிக்கல். உலகில் எந்த நெடுஞ்சாலையை ஒட்டிய மிதிவண்டிப் பாதையை எடுத்துக்கொண்டாலும், அதன் தரம் நேரான பகுதிகளில் தெரிவதில்லை. நெடுஞ்சாலைக்கு வாகனங்கள் ஏறும் பாதையும் அதிலிருந்து இறங்கும் பாதையும் கலக்கும் இடத்தில்தான் தெரியும். நேரான பகுதியில் யார் வேண்டுமானாலும் நன்றாகப் பாதை போட்டுவிடலாம். விரைவுச் சாலையில் உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வந்து வெளியேறும் ஓட்டுநரின் கண்ணும் காலும் நிதானத்துக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடத்தில் குறுக்கே வரும் சைக்கிளை அவர் எதிர்பார்க்கமாட்டார். இதற்கு உலகம் கண்ட தீர்வு தரைக்குக் கீழே சுரங்கப்பாதை அல்லது மேலே சாய்தளத்தோடு கூடிய பாலம். கொரியப் பாதை நெடுஞ்சாலையின் நடுவிலேயே ஓடினாலும், அதற்குள் நுழைவதும் வெளியேறுவதும் சுரங்கப்பாதை வழியாகத்தான். வாகனத்தின் முன்னால் போய் நிற்கவேண்டிய தேவையே அங்கே எழுவதில்லை. முன்மாதிரியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் கூரையை எடுத்துக்கொண்டவர்கள், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுரங்கப்பாதையையும் அதே அக்கறையோடு எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நடப்பவர்களின் நிலை இதைவிட மோசம். இது மிதிவண்டிக்கென்றே வகுக்கப்பட்ட பாதை. அதில் நடப்பது இருதரப்புக்கும் ஆபத்து என்பது நியாயமான வாதமே. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிளும், காதில் பாட்டுக் கேட்டபடி உலாவுபவரும் ஒரே தடத்தில் இருக்க முடியாது. ஆனால் அப்படியானால் நடப்பவருக்கு அதே திட்டத்தில் வேறு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. சாலையை அகலப்படுத்தும்போது இந்த 1.8 மீட்டரைத் தொடர்ச்சியாக விட்டுவைப்பது பெரிய பொறியியல் சாதனை அல்ல. பேருந்திலிருந்து இறங்கி வேலைக்கு நடந்து செல்பவர் எண்ணிக்கையில் சைக்கிள் ஓட்டுபவரைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதை, காலை ஒன்பது மணிக்கு நானக்ராம்கூடாவில் ஐந்து நிமிடம் நின்றாலே யாரும் தெரிந்துகொள்ளலாம்.

பொழுதுபோக்குக்கு என்று பார்த்தால் என் மதிப்பெண் வேறு. ஞாயிறு காலையில் பாதையின் முனைகளில் உள்ள வாகன நிறுத்தத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும்: காரின் பின்புறத் தாங்கியில் கட்டிவந்த சைக்கிள்களை இறக்கி, தலைக்கவசம் மாட்டி, குழந்தையின் சிறு சைக்கிளுக்குக் காற்றுச் சரிபார்த்துக் கிளம்பும் குடும்பங்கள். சைக்கிள் ஓட்டுவதற்காகக் காரில் வருவது சற்று வேடிக்கைதான். ஆனாலும் அந்தக் குழந்தை இந்த நகரின் வேறெந்தச் சாலையிலும் இவ்வளவு தூரம் பயமின்றி ஓட்டியிருக்க முடியாது. சொந்த சைக்கிள் இல்லாதவர்களுக்கு வாடகைக்கும் கிடைக்கிறது. நீண்டதூரப் பயிற்சி செய்பவர்களுக்கு நீலப் பிரிவு ஏற்றது. போய் வந்தால் 29 கிலோமீட்டர். விரைவுச் சாலையின் இரைச்சல் மட்டும் கடைசிவரை விடாது. பாதையோரப் பசுமை வளர்ந்தாலும் ஒலியை அது பெரிதாகத் தடுத்துவிடாது. அடர்த்தியான சுவர் இருந்தால்தான் குறையும். அமைதியை நாடி வருபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை, வருபவரைப் பொறுத்தது. பயிற்சிக்கும், குழந்தைக்குச் சைக்கிள் பழக்குவதற்கும், இரவில் வெளிச்சமான இடத்தில் ஓட்ட விரும்பும் பெண்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஐந்துக்கு நான்கு. நானக்ராம்கூடாவை ஒட்டிய அலுவலகப் பகுதியான ‘ஃபைனான்சியல் டிஸ்ட்ரிக்ட்’டுக்கு அன்றாடம் வேலைக்குச் செல்லும் வழியாக இதை நம்பலாமா என்று கேட்டால், உங்கள் வீடும் அலுவலகமும் நுழைவாயில்களுக்கு அருகிலேயே இருந்தாலன்றி வேண்டாம், ஐந்துக்கு இரண்டு. நடந்து செல்பவர்களுக்கு மதிப்பெண் தர இங்கே எதுவும் இல்லை.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: நார்சிங்கியில் தொடங்குங்கள். இரண்டு பிரிவுகளும் அந்தப் பகுதியைத் தொட்டுச் செல்வதால், கொல்லூர் வரை போவதா, போலீஸ் அகாடமி பக்கம் திரும்புவதா என்பதை அங்கே வந்தபின் உடல்நிலையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். பாதைக்குள் விளக்கு இருந்தாலும் சைக்கிளில் முன்னும் பின்னும் விளக்குப் பொருத்திக்கொள்ளுங்கள்; அது வேண்டியிருப்பது உள்ளே ஓட்டும்போது அல்ல, வெளியே வந்து சர்வீஸ் சாலையைக் கடக்கும்போது.