கவுண்டிக்கு ஒரே மன்றமா, இரண்டா?

இங்கிலாந்தில் கவுண்டி என்பது பல சிறு மாவட்டங்கள் அடங்கிய பெரிய பகுதி; இரண்டு நிலைக்கும் தனித்தனி மன்றம், அதாவது உள்ளாட்சி அமைப்பு. இணையப்போகும் அண்டை மாவட்ட மன்றங்கள் திணறும் இடம் இது. 2023 ஏப்ரல் 1 அன்று இரண்டு வழியும் நடைமுறைக்கு வந்தன.

ஒன்று: நார்த் யார்க்‌ஷயர். கவுண்டி மன்றமும் 7 மாவட்ட மன்றங்களும் ஒரே மன்றமாயின.
இரண்டு: கம்ப்ரியா. கவுண்டி மன்றமும் 6 மாவட்ட மன்றங்களும் இரண்டு மன்றங்களாயின.

செலவு: ஒன்றில் ஒரே தலைமை அதிகாரி, இரண்டில் இருவர்.

மாற்றம்: குப்பை, வீட்டுவசதி, கட்டட அனுமதி போன்ற மாவட்டப் பணிகளைச் சேர்ப்பது எளிது. கவுண்டியின் குழந்தைகள் நலம், முதியோர் பராமரிப்பைப் பிரிப்பதுதான் தலைவலி. ஊழியர், ஒப்பந்தம், கோப்பு, கடன் எல்லாவற்றையும் பங்கிட வேண்டும்.

அணுக்கம்: நார்த் யார்க்‌ஷயரின் கடலோர ஊரான ஸ்கார்பரோவாசிக்கு நார்த்அலர்ட்டன் தலைமையகம் வெகுதூரம். இங்கே இரண்டே மேல்.

பராமரிப்புச் செலவு நெரித்தால் ஒன்று. ஊர்கள் வெவ்வேறு திசை பார்த்தால் இரண்டு. ஆனால் 2024 டிசம்பரில் அரசின் வெள்ளை அறிக்கை, புதிய மன்றம் ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் மக்கள்தொகையை அளவுகோலாக்கியது.