ஆபீஸ் மென்பொருளோடு 15 வருடம்: கேட்காமல் மாற்றுவதுதான் என் குறை

உறுப்பினர் பட்டியலில் இரண்டு பேருக்கு ஒரே கணக்கு எண் இருப்பதை ஒரு நாள் கவனித்தேன். 16 இலக்க எண்கள். இரண்டுமே 2140 என்று முடிந்தன. கையால் எழுதிய மூலப் படிவங்களைத் தேடி எடுத்துப் பார்த்தால் ஒன்று 2143, இன்னொன்று 2147. நான் அடித்தது சரிதான். எக்செல் போன்ற விரிதாள் மென்பொருள்தான் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. சந்தேகப்பட்டுப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். 600 எண்களுக்கு மேல் இருந்தன. எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தன. இரண்டு எண்கள் தற்செயலாக மோதாமல் இருந்திருந்தால் அந்தப் பட்டியல் அப்படியே அடுத்த மேசைக்குப் போயிருக்கும்.

15 வருடமாக நாள் முழுக்க விரிதாளும் ஆவண மென்பொருளும்தான் என் வேலை. பட்டியல், அறிக்கை, கடிதம், மறுபடியும் பட்டியல். இந்த மென்பொருள்கள் இல்லாமல் என் வேலை நடக்காது. ஃபில்டரும், தரவைத் தொகுத்துக் கூட்டித் தரும் பிவட் டேபிளும் எனக்கு எத்தனையோ இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கின்றன. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் இத்தனை வருடத்தில் என்னை அதிகம் வருத்தியது எது என்று கேட்டால், இல்லாத வசதிகளைச் சொல்ல மாட்டேன். நான் கொடுத்ததை என்னிடம் கேட்காமல் மாற்றிவிட்டு, மாற்றியதைச் சொல்லாமலும் இருக்கிறதே, அதைத்தான் சொல்வேன்.

அந்தக் கணக்கு எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். விரிதாள் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்திருக்கும். 16ஆவது இலக்கத்துக்கு இடமில்லை என்பதால் அங்கே பூஜ்யம் போட்டுவிடுகிறது. கணக்குப் போடுவதற்கு 15 இலக்கம் தாராளமாகப் போதும். ஆனால் கணக்கு எண்ணை யார் கூட்டப் போகிறார்கள்? யார் பெருக்கப் போகிறார்கள்? அது இலக்கங்களால் எழுதிய ஒரு பெயர். 00417 என்ற உறுப்பினர் எண்ணும் அப்படித்தான். முன்னால் இருக்கும் பூஜ்யங்களை வெட்டி 417 ஆக்கினால் அது வேறு பெயராகிவிடுகிறது. செல்லை, அதாவது அந்தக் கட்டத்தை, முதலிலேயே டெக்ஸ்ட் (எழுத்து) என்று மாற்றி வைத்தால் தப்பிக்கலாம், முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டாலும் தப்பிக்கலாம். இரண்டும் எனக்கு இப்போது கைப்பழக்கம். ஆனால் புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்? ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தேதி விஷயம் இதைவிட மோசம். வீட்டு எண் 3-4 என்று அடித்தால் அது ஒரு தேதியாகிவிடும். உடனே கண்ணில் பட்டால் சரி, திருத்தலாம். சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியலை) திறக்கும்போது 2,000 வரிகளுக்கு நடுவில் இப்படி நடந்தால் யார் பார்ப்பது? அப்புறம் அந்த செல்லை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் 3-4 திரும்பி வராது. ஐந்து இலக்கத்தில் ஏதோ ஒரு எண் வந்து நிற்கும். விரிதாளுக்குத் தேதி என்பது 1900இன் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள்களின் எண்ணிக்கைதான். அந்த எண்ணைத்தான் நம் முகத்துக்கு நேரே காட்டுகிறது. இந்த எண்ணிக்கையிலேயே எக்செலில் ஒரு பழைய பிழை உண்டு. 1900 லீப் வருடம் இல்லை. ஆனாலும் 60ஆவது நாளை அது 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அந்தக் காலத்தில் கோலோச்சிய லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருளின் ஃபைல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே வைத்தது, இன்றும் அப்படியே இருக்கிறது.

என்னைப் போலப் பட்டியல் பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைத்திருந்தேன். மரபணு ஆராய்ச்சியாளர்களும் இதே அவதியைப் பட்டிருக்கிறார்கள். செப்ட்2, மார்ச்1 என்று மரபணுக்களுக்குப் பெயர் உண்டு. எக்செல் அவற்றை செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக்கிவிடும். 2004லேயே இதைப் பற்றிக் கட்டுரை வந்துவிட்டது. 2016இல் வந்த ஓர் ஆய்வு, எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகக் கண்டது. கடைசியில் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, பெயர்களையே மாற்றியது. செப்ட்2 இப்போது செப்டின்2. மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. மென்பொருளுக்குப் பயந்து மரபணு தன் பெயரை விட்டுக்கொடுத்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு கனத்தது.

2023 அக்டோபரில் எக்செலில் இதற்கு ஒரு வசதி வந்தது. முன்பூஜ்யத்தை வெட்டாதே, நீண்ட எண்ணைச் சுருக்காதே, எழுத்தும் எண்ணும் சேர்ந்து வந்தால் தேதியாக்காதே என்று தனித்தனியாக டிக் எடுத்துவிடலாம். தாமதமாக வந்தாலும் நல்ல வசதி. முழு மனதோடு பாராட்டுகிறேன். ஆனால் நாமாகத் தேடிப்போய் நிறுத்தாதவரை எல்லா மாற்றங்களும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். என் கணினியில் நான் நிறுத்தி வைத்தேன், சரி. அதே சிஎஸ்வியைப் பக்கத்து மேசையில் திறந்து சேவ் செய்தால் பழைய கதைதான். ஒருவர் கவனமாக இருந்தால் போதாது, ஃபைல் போகும் வழியெல்லாம் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும்.

சிஎஸ்வி திறக்கும் விஷயத்தில் லிப்ரேஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் செய்வதுதான் எனக்குப் பிடித்த முறை. திறப்பதற்கு முன்பே ஒரு பெட்டி வரும். எழுத்துக் குறியீடு எது, எதை வைத்துப் பிரிக்க வேண்டும், எந்த நெடுவரிசை டெக்ஸ்ட், எது தேதி என்று கேட்கும். கீழே முன்னோட்டமும் தெரியும். உறுப்பினர் எண் நெடுவரிசையைச் சொடுக்கி டெக்ஸ்ட் என்று சொன்னால் 00417 அப்படியே உள்ளே வரும். பத்து விநாடி வேலை. தினமும் இந்தப் பெட்டி எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். 600 எண்களை மூலப் படிவத்தோடு ஒப்பிட்டுத் திரும்ப அடித்தவளுக்கு அந்தப் பத்து விநாடி பெரிதில்லை.

சொல்லாமல் விடுவதால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020இல் இங்கிலாந்தில் நடந்தது ஒன்று போதும். கொரோனா தொற்று உறுதியானவர்களில் 15,841 பேர் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள். தரவு பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றப்பட்டது. அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான். 2007இலிருந்தே புதிய வடிவத்தில் 10,48,576 வரிகள் வைக்கலாம். ஆனாலும் எங்கோ பழைய வடிவம் நடுவில் இருந்திருக்கிறது. மிஞ்சிய வரிகள் போயின. விடுபட்டவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுக்குத் தகவல் போவதும் தாமதமானது.

இனி தமிழுக்கு வருகிறேன். தமிழில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இதே நோய் வேறு வடிவில் வரும்.

ஒரு நாள் கோமதி என்ற பெயரை, பட்டியலில் தேடித் தரும் வி-லுக்கப் ஃபங்ஷன் போட்டுத் தேடினேன். இல்லை என்றது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது. முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று டிரிம் போட்டுப் பார்த்தேன், இல்லை. ஃபாண்ட் மாற்றிப் பார்த்தேன், இரண்டும் ஒரே மாதிரி. எழுத்துகளை எண்ணிச் சொல்லும் லென் ஃபங்ஷனில் போட்டால் ஒரு கோமதிக்கு 5, இன்னொரு கோமதிக்கு 6. எழுத்து எழுத்தாகப் பிரித்து யூனிகோடு எண்ணை, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினி வைத்திருக்கும் பொது எண்ணை, பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒன்றில் ஓகாரக் குறி 3019 என்ற ஒரே எண்ணாக இருக்கிறது. மற்றதில் 3015, 3006 என்று இரண்டாக, அதாவது ஏகாரக் கொம்பு தனி, கால் தனி. பழைய ஃபாண்டில் அடித்த பட்டியலை யாரோ யூனிகோடுக்கு மாற்றியபோது அப்படி வந்திருக்கிறது. யூனிகோடு விதிப்படியே இவை இரண்டும் சமம். ஆனால் நான் பயன்படுத்தும் மென்பொருளுக்கு இவை இரண்டு வேறு ஆட்கள்.

கௌரியின் கதை இன்னும் சிக்கல். ஔகாரக் குறிக்குப் பதில் கெ அடித்துப் பக்கத்தில் ள அடித்தால் பார்வைக்குக் கௌ போலவே இருக்கும். நிறையப் பேர் அப்படித்தான் அடிக்கிறார்கள், தவறு என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. யூனிகோடு விதியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. இது ஒரு தமிழ்ச் சொல், இங்கே ள வர வாய்ப்பில்லை என்று மென்பொருளுக்குத் தெரிந்தால்தான் முடியும்.

அகரவரிசையும் அப்படித்தான். அப்துல், அபிராமி, அருண், அன்பு என்பதுதான் தமிழ் அகராதி வரிசை. புள்ளி வைத்த எழுத்து முதலில் வரும், றகரமும் னகரமும் கடைசியில் வரும். ஆனால் யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து இருக்கிறது. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. வெறும் குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் அன்பு, அபிராமி, அப்துல், அருண் என்று வரும். முறையாகத் தமிழ் வரிசை தெரிந்த மென்பொருளும் உண்டு, தெரியாததும் உண்டு. ஒரே பட்டியலை இரண்டில் வரிசைப்படுத்தினால் இரண்டு விதமாக வரும்போது, அச்சடித்த தாளில் பெயரைத் தேடுகிறவர் தன் பெயர் விடுபட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார். என்னிடம் வந்து அப்படிக் கேட்டவர்கள் உண்டு.

சிஎஸ்வியாகச் சேவ் செய்யும்போது யுடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் யூனிகோடு எழுத்துக் குறியீடு) என்று தனியாகத் தேர்ந்தெடுக்காமல் விட்டதால், ஒருமுறை 1,200 தமிழ்ப் பெயர்களும் கேள்விக்குறிகளாக மாறின. அதற்கு மீட்பே கிடையாது. கேள்விக்குறி கேள்விக்குறியாகவேதான் சேவ் ஆகியிருக்கும். இந்த வடிவத்தில் உங்கள் எழுத்துகள் அழிந்துவிடும் என்று அந்த நொடியில் ஒரு வரி காட்டியிருந்தால் போதுமே.

ஆவண மென்பொருளில் எனக்குக் குறை குறைவு. படத்தை ஒரு வரி நகர்த்தினால் மூன்று பக்கம் குலைவது, புதிய பட்டியலுக்கு எண் 1இல் தொடங்காமல் 7இல் தொடங்குவது எல்லாம் எல்லோருக்கும் பழகிய தொல்லைகள். ஆனால் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்தும் என்பது சரியான சொல். ஆனாலும் கீழே சிவப்புக் கோடு. அகராதியில் சொல்லை அப்படியே தேடினால் தமிழில் பாதிச் சொற்கள் கிடைக்காது. வேற்றுமை, காலம், இடம் எல்லாம் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டு வரும் மொழி இது. பக்கம் முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தால் எந்தக் கோட்டை நம்புவது? நான் அதை அணைத்துவிட்டேன். அதற்கு விலையும் கொடுத்தேன். ஓர் ஆண்டு அறிக்கையின் அட்டையில் 'ஆண்டு அரிக்கை' என்று அச்சாகி வந்தது. நான்கு பேர் படித்துப் பார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை. சொல்லைப் பிரித்துப் பார்த்து, வேர் சரியா, ஒட்டு சரியா என்று சொல்லும் திருத்தி வேண்டும். கூடவே ரகர றகரத்தையும் வல்லினம் மிகும் இடங்களையும் பார்த்தால் என் போன்றவர்கள் அந்தக் கோட்டை மறுபடி போட்டுக்கொள்வோம்.

தானாகச் சேவ் ஆவது பெரிய வரம். மின்சாரம் போனால் அழுத காலம் இருந்தது. ஆனால் போன வருட ஃபைலைத் திறந்து, இந்த வருடத்துக்கு மாற்றி, பிறகு வேறு பெயரில் சேவ் செய்யலாம் என்று இருந்தபோது, பழையதன் மேலேயே எல்லாம் ஏறிவிட்டது. ஃபைலின் முந்தைய நிலைகளைச் சேமித்து வைக்கும் பதிப்பு வரலாறு இருந்ததால் பழையது திரும்பக் கிடைத்தது. அந்த ஒரு வசதிக்காக அதை உருவாக்கியவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நான் ஆசைப்படுவதும் அதே போன்ற ஒன்றுதான். ஃபைலைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் ஒரு செய்தி வரட்டும்: '214 செல்களில் முன்பூஜ்யம் இருக்கிறது, 37 செல்கள் தேதி போல் இருக்கின்றன, 12 பெயர்கள் ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே வேறு. அப்படியே வைக்கவா, மாற்றவா?' சொடுக்கினால் அந்த செல்கள் மட்டும் வரிசையாக வர வேண்டும், பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம். நான் என்ன பதில் சொன்னேன் என்பதும் ஃபைலுக்குள்ளேயே இருக்க வேண்டும், அடுத்த மேசையில் திறக்கிறவருக்கும் அது தெரிய வேண்டும்.

அதுவரை, வரும் ஒவ்வொரு ஃபைலையும் திறப்பதற்கு முன்பே 'மூலம்' என்ற ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்து, படிக்க மட்டும் என்று பூட்டி வைக்கிறேன். கணக்கு எண்கள் இருக்கும் பட்டியல் என்றால் கடைசி இலக்கங்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.