நேர்ப்பிடியா, தலைகீழ்ப்பிடியா?

தற்காப்புக் கத்திப் பயிற்சிக்கு வரும் புதியவர்களில் பலர் முதல் நாளே கத்தியைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு நேர்ப்பிடிக்குத்தான்.

கட்டைவிரல் பக்கமாக அலகு நீட்டிக்கொண்டிருந்தால் நேர்ப்பிடி, சுண்டுவிரல் பக்கமாக இறங்கியிருந்தால் தலைகீழ்ப்பிடி. பிலிப்பைன்ஸின் ‘காலி’ (Kali) என்ற தற்காப்புக் கலையில் இவற்றை முறையே சக்சக், பகால் என்பார்கள். 10 செ.மீ. அலகை நேராகப் பிடித்தால் கை எட்டும் தூரம் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடுகிறது. திருப்பிப் பிடித்தால் அது போவதோடு, முழங்கையை மடக்கி எதிராளியின் மூச்சுக்காற்று படும் தூரத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. தப்பி ஓட நினைப்பவருக்கு வேண்டியது இடைவெளி, அதைத் தானே போய்க் குறைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, ஏற்கெனவே சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்திவிட்டால்? அங்கே தலைகீழ்ப்பிடிக்கு மரியாதை உண்டு. கை மடங்கியிருந்தாலும் மேலிருந்து கீழே இறங்கும்போது நல்ல வலு கிடைக்கும். ஆனால் கூர், அதாவது வெட்டும் விளிம்பு, எந்தப் பக்கம் என்ற கேள்வி உடனே வந்துவிடும். கூர் வெளியே பார்த்தால் வீசலாம், உள்ளே பார்த்தால் கொக்கிபோல இழுக்கலாம். அந்த இழுப்பு வந்து முடியும் இடம் நம் உடம்பு. ஒருமுறை ரப்பர் கத்தியின் கூர்ப்பக்கத்தில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு, கூரை உள்ளே வைத்து, கட்டிப் பிடித்துப் புரண்டோம். நிறுத்திப் பார்த்தால் என் இடது முன்கையிலேயே மூன்று வெள்ளைக் கோடுகள். அன்றோடு அந்தப் பிடியை விட்டுவிட்டேன். 1941-இல் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காக வந்த ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்திபோல இருபுறமும் கூர் என்றால் எப்படித் திருப்பினாலும் ஒரு கூர் நம்மைப் பார்த்துத்தான் இருக்கும்.

நேர்ப்பிடியிலும் கட்டைவிரலை அலகின் முதுகில் நீட்டி வைப்பவர்கள் உண்டு. முனை சொன்னபடி கேட்கும், ஆனால் கையில் ஓர் அடி விழுந்தால் பிடி திறந்துகொள்ளும். நெருக்கடியில் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு மேல் மடக்கி, முஷ்டியாகப் பிடிப்பதே நிற்கும்.

அப்புறம், விரல் தடுப்பு, அதாவது கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரலை நிறுத்தும் பகுதி. அது இல்லாத கத்தியின் முனை கடினமான எதிலாவது மோதினால், நேர்ப்பிடியில் கை வழுக்கி அலகின்மேலேயே ஏறிவிடும், வியர்வையோ ரத்தமோ பட்ட கை என்றால் கேட்கவே வேண்டாம். கத்தியை உறையில் போட்டுக் கட்டி, ஈரக்கையால் பிடித்து, முனையைச் சுவரில் அழுத்திப் பாருங்கள். விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தக் கத்தி வேண்டாம்.