நான்கு நிலை ஆர்.ஓ./டி.ஐ. கருவி: பெரிய கடல்நீர்த் தொட்டிக்கு ஈடுகொடுக்குமா?

பல பெயர்களில் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் விற்பனையாகும் நான்கு நிலை ஆர்.ஓ./டி.ஐ. கருவி ஒன்றை 600 லிட்டர் கடல்நீர் மீன் தொட்டிக்காகப் பயன்படுத்தி வருகிறேன். மெம்ப்ரேன் என்னும் சவ்வின் வழியே குழாய் நீரை அழுத்தி உப்புகளைப் பிரிப்பது ஆர்.ஓ.; எஞ்சிய அயனிகளை ரெசின் துகள்களால் நீக்குவது டி.ஐ. 5 மைக்ரான் வண்டல் ஃபில்டர், கார்பன் பிளாக், 75 ஜி.பி.டி. (நாளொன்றுக்கு 75 கேலன்) மெம்ப்ரேன், நிறம் மாறும் ரெசின் நிரம்பிய டி.ஐ. குடுவை ஆகியவற்றோடு, ஓர் அழுத்தமானியும் நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவைக் காட்டும், இரண்டு முனைகள் கொண்ட டி.டி.எஸ். மீட்டரும் அதில் உண்டு. தரமான கருவிதான், ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு ஏமாற்றம் நிச்சயம். பெரிய தொட்டி வைத்திருப்பவர் அழுத்தத்தைக் கூட்டும் ஒரு பூஸ்டர் பம்பையும், நீரை ரெசினுக்குள் விடாமல் திருப்பிவிடும் ஒரு பைபாஸ் வால்வையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே குடிநீருக்கான ஆர்.ஓ. இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குடிநீர்க் கருவிகள் பலவற்றில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் கார்ட்ரிட்ஜோ, வடிகட்டாத நீரில் சிறிதளவைக் கலந்துவிடும் வால்வோ இருக்கும். குடிப்பதற்கு நன்மையாக இருப்பது இங்கே தீமையாகிறது. 600 லிட்டர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 8 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் ஈடாக ஊற்றும் நீர் 2,900 லிட்டரைத் தாண்டும். அதாவது தொட்டியின் கொள்ளளவைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆவியாகும்போது நீர் மட்டுமே வெளியேறுவதால், அதனுடன் வந்த நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், செம்பு எல்லாம் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். செம்பு மிகக் குறைந்த அளவிலேயே இறால்களுக்கும் பவளங்களுக்கும் நஞ்சாகும்.

வேகத்துக்கு வருவோம். 75 ஜி.பி.டி. என்றால் நாளொன்றுக்குச் சுமார் 284 லிட்டர். நீர் 25 டிகிரி செல்சியஸில், 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வந்தால் கிடைக்கும் அளவு அது. நீர் குளிர்ந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ மூன்று விழுக்காடு குறைகிறது. அழுத்தம் குறைந்தால் அதே விகிதத்தில் வரத்தும் குறைகிறது. குழாயில் 35 பி.எஸ்.ஐ. மட்டுமே இருந்து, நீரும் 20 டிகிரியில் வந்தால், நாளுக்கு 170 லிட்டர் கிடைத்தாலே அதிகம். அந்தக் கணக்கில் 600 லிட்டர் நிரம்ப மூன்றரை நாள் ஆகும். ஒரு பங்கு நல்ல நீருக்கு மூன்று பங்கு கழிவு என்ற விகிதத்தில் அதற்குள் 1,800 லிட்டர் வெளியே போயிருக்கும் என்பதால், அதைத் தரை கழுவவோ வேறு எதற்கோ பிடித்துவைக்க முன்னதாகவே வழி செய்துகொள்வது நல்லது.

அழுத்தம் குறைவதால் வரும் உண்மையான நட்டம் நேரத்தில் இல்லை, ரெசினில் இருக்கிறது. உள்ளே வரும் நீரின் டி.டி.எஸ். 300 என்று கொள்வோம். மெம்ப்ரேன் 98 விழுக்காட்டைத் தடுத்தால் ரெசினுக்கு வந்து சேர்வது 6 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆறு பங்கு); 96 விழுக்காட்டைத் தடுத்தால் 12. பார்வைக்கு இரண்டே விழுக்காடுதான் வேறுபாடு, ஆனால் ரெசின் முன்னதைப்போலப் பாதி அளவு நீரைச் சுத்திகரிப்பதற்குள்ளேயே தீர்ந்துவிடும். அழுத்தம் ஏற ஏற மெம்ப்ரேன் தடுக்கும் திறனும் உயர்வதால், பூஸ்டர் பம்ப் வேகத்தைக் கூட்டுவதோடு ரெசின் செலவையும் குறைக்கிறது. பம்புக்குப் பதிலாக வேக அளவு கூடிய மெம்ப்ரேனை மாட்டும் யோசனை எனக்கு ஏற்புடையதில்லை. அவை பொதுவாகக் குறைவாகவே தடுக்கின்றன.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது மீட்டர் முனைகளைப் பொருத்தியிருக்கும் இடம். ஒன்று மெம்ப்ரேனுக்குப் பின், மற்றொன்று ரெசினுக்குப் பின். குழாய் நீரை எப்போதாவது கையடக்க மீட்டரால் பார்த்துக்கொள்ளலாம். ரெசினுக்குள் என்ன போகிறது என்பதுதான் அன்றாடம் தெரிய வேண்டியது. கருவியைத் திறந்தவுடன் முதல் முனையைக் கவனித்தால், எண் வழக்கமானதைவிடப் பல மடங்கு உயர்ந்து நின்று, சில நிமிடங்களில் படிப்படியாக இறங்குவதைக் காணலாம். ஓய்வில் இருக்கும்போது மெம்ப்ரேனின் ஒரு பக்கத்து உப்புகள் மறுபக்கம் மெல்லப் பரவிவிடுவதே காரணம். அந்த முதல் நீரை ரெசினுக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட ஒரு பைபாஸ் வால்வு போதும். அதிக விலையில்லாத அந்த உறுப்பைத் தயாரிப்பாளர் சேர்க்காமல் விட்டது கஞ்சத்தனம் என்பதைத் தவிர வேறு விளக்கம் தோன்றவில்லை. இதே காரணத்தால், அடிக்கடி சில நிமிடங்கள் மட்டும் ஓடி நிற்கும்படி கருவியை அமைப்பதும் ரெசினை வீணாக்கும். உணவுத்தரப் பெரிய பீப்பாயில் ஒரே மூச்சில் பிடித்துவைப்பதே சிக்கனம்.

கார்பன் பிளாக் சாதாரணக் குளோரினுக்குப் போதுமானது. குளோரின் தப்பினால் மெம்ப்ரேனின் மெல்லிய பாலியமைடு படலம் சிதையும் என்பதால் இந்த நிலையை அலட்சியம் செய்ய முடியாது. நீர் வழங்குவோர் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைனைக் கலப்பவராக இருந்தால் இந்த ஒற்றைக் கார்பன் போதாது; வினையூக்கக் கார்பன் (கேடலிட்டிக் கார்பன்) தேவைப்படும். பிரிந்து வரும் அம்மோனியாவை ரெசின்தான் பிடிக்க வேண்டியிருக்கும். கார்பன் வேலை செய்கிறதா என்று அறியக் கழிவுக் குழாயில் வரும் நீரிலேயே மொத்தக் குளோரின் சோதனை செய்துகொள்ளலாம், ஏனென்றால் அந்த நீரும் கார்பனைக் கடந்துதான் வருகிறது.

மீட்டர் சுழியம் காட்டுகிறது என்பதால் கவலையே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. டி.டி.எஸ். மீட்டர் அளப்பது மின்கடத்தும் தன்மையை மட்டுமே. சிலிக்கேட் வலுக்குறைந்த அயனியாதலால், ரெசின் தளரும்போது முதலில் நழுவுபவற்றுள் அதுவும் ஒன்று. மீட்டர் அதை அநேகமாகக் கண்டுகொள்வதில்லை. சிலிக்கேட்டால் வளரும் பழுப்புப் பாசிப் படலம் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் படிந்தால், மீட்டர் சொல்வதைவிட ரெசினின் நிறத்தையே நம்ப வேண்டும். கிணற்று நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் மெம்ப்ரேனைத் தடையின்றித் தாண்டி ரெசினை விரைவில் தீர்த்துவிடும்.

ரெசின் குடுவை செங்குத்தாக நிற்பது நல்ல வடிவமைப்பு. நீர் அடியிலிருந்து மேலேறுவதால் நிறமாற்றமும் ஒரு கோடாக மேலே நகர்கிறது. எனக்கு வந்த கார்ட்ரிட்ஜில் ரெசின் விளிம்புவரை நிரம்பாமல் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அப்படியே விட்டால் துகள்கள் இடம்பெயர்ந்து, நீர் எளிய வழியொன்றைப் பிடித்துக்கொண்டு மற்றப் பகுதியைத் தொடாமலே போய்விடும். தட்டித் தட்டி இறுக்கி நிரப்பிய பிறகு கோடு சீராக ஏறுகிறது. தானாக நிறுத்தும் வால்வு குறைசொல்ல முடியாதபடி இயங்குகிறது: நல்ல நீர்க் குழாயை அடைத்தால் சிறிது நேரத்தில் கழிவுநீரும் நின்றுவிடுகிறது. மிதவை வால்வைப் பீப்பாயில் பொருத்தலாம். மீன் தொட்டியோடு இணைந்த துணைத்தொட்டியான சம்ப்பில் நேரடியாகப் பொருத்தினால், அது ஒருநாள் சிக்கிக்கொள்ளும்போது உப்பு அளவு சரிந்து உயிர்கள் மடியும்.

200 லிட்டருக்குக் குறைந்த தொட்டி வைத்திருந்து, குழாயில் 50 பி.எஸ்.ஐ. தடையின்றிக் கிடைக்கிறவருக்குப் பம்ப் இல்லாமலே இந்தக் கருவி போதும். அதற்கு மேற்பட்ட தொட்டியென்றால், விலை உயர்ந்த ஐந்து, ஆறு நிலை மாதிரிகளைத் தேடுவதை விட்டு, மிச்சமாகும் பணத்தில் பம்பையும் இரண்டாவது ரெசின் குடுவை ஒன்றையும் வாங்கிக்கொள்வதே என் பரிந்துரை.