கோலாலம்பூர் ஈரக்காற்றில் அலுவலக நாற்காலி: எது தாங்குகிறது, எது உதிர்கிறது

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி தேடுகிறவர்கள் முதலில் மேலுறையைப் பார்க்க வேண்டும். கடையில் பளபளக்கும் பியூ லெதர், நம் ஊர்க் காற்றில் இரண்டு மூன்று ஆண்டுகளில் செதில் செதிலாக உரிய ஆரம்பித்துவிடும். பியூ என்பது துணியின்மேல் பூசிய பாலியூரித்தேன் படலம். காற்றிலுள்ள ஈரம் அந்தப் படலத்தின் வேதிப் பிணைப்பை மெல்ல அறுக்கிறது. யாரும் உட்காராமல் மூலையில் கிடந்தாலும் அறுக்கும். அலமாரியில் பத்திரப்படுத்திய ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் மாவாக உதிர்வதும் பெரும்பாலும் இதனால்தான். வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்: கழுத்துப் பகுதி முதலில் போகும், அடுத்து கைப்பிடி, பிறகு தொடைக்குக் கீழே உள்ள விளிம்பு. உரிய ஆரம்பித்த பிறகு லோஷன் தடவிப் பயனில்லை. துணி உறை போட்டு மூடலாம், அல்லது குஷன் தைப்பவரிடம் கொடுத்து உறையை மாற்றலாம். கேமிங் நாற்காலிகளில் பெரும்பாலானவை இந்த ரகம். பந்தயக் கார் இருக்கை மாதிரி இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும் விளிம்பும் அகலமான தொடை உள்ளவர்களுக்கு இடைஞ்சல்தான்.

முதுகுக்கு மெஷ் எனும் வலைத்துணி நல்ல தேர்வு. ஏர்கோன் இல்லாத மதிய நேரத்தில் அதன் அருமை தெரியும். ஆசனமும் மெஷ்ஷாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். மலிவான மெஷ் நாளடைவில் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்ததும் முன்பக்கச் சட்டம் தொடையின் அடியில் அழுத்தும், கால் மரத்துப்போகும். நடுத்தர விலையில் மெஷ் முதுகும் ஃபோம் ஆசனமும் உள்ளது பாதுகாப்பான கூட்டு. அச்சில் வார்த்த ஃபோம், கன மீட்டருக்கு 50 கிலோ அடர்த்தி அளவில் இருந்தால் வடிவம் நிலைக்கும். தாளாக வெட்டி ஒட்டிய ஃபோம் சீக்கிரம் சப்பையாகிவிடும். ஷோப்பியில் ‘அதிக அடர்த்தி’ என்று எழுதியிருப்பார்கள், எண் இருக்காது. கடைக்குப் போனால் ஒரு முழங்காலை ஆசனத்தின் நடுவில் ஊன்றி முழு எடையையும் போடுங்கள். அடியிலுள்ள பலகை முட்டினால் அதை விட்டுவிடலாம்.

உயரத்தில் பலரும் கோட்டைவிடும் ஒன்று: வீட்டில் நாம் வெறுங்காலோடு உட்காருகிறோம். அலுவலகத்தில் ஷூ கொடுக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இங்கே கிடையாது. பல நாற்காலிகளை எவ்வளவு இறக்கினாலும் ஆசனம் தரையிலிருந்து 43 முதல் 46 செ.மீ. வரை நிற்கும். 155 செ.மீ. உயரமுள்ளவருக்கு வெறுங்காலில் 40 செ.மீ.க்குக் கீழே போனால்தான் பாதம் முழுதாகப் படியும். மேசையோ 73 முதல் 75 செ.மீ. நாற்காலியை இறக்கினால் முழங்கை மேசையைவிடத் தாழ்ந்து, தோள் தூக்கிக்கொள்ளும். ஆகவே முழங்கைக்கு ஏற்றபடி நாற்காலியை உயர்த்திவிட்டு, காலுக்கு ஃபுட்ரெஸ்ட் போடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஆசன ஆழத்தையும் அளக்க வேண்டும். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது முழங்கால் மடிப்புக்கும் ஆசன விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் ஆள் தானாக முன்னே சறுக்குவார், இடுப்புத் தாங்கி அந்தரத்தில் நிற்கும்.

காஸ் லிஃப்ட், அதாவது ஆசனத்தை ஏற்றி இறக்கும் சிலிண்டர், தேய்ந்ததற்கு அடையாளம், உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஆசனம் மெல்ல இறங்குவது. உள்ளே அழுத்தத்தில் உள்ள நைட்ரஜனை அடைத்து வைக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். அதை நிரப்ப முடியாது. திறக்கவோ துளையிடவோ கூடாது, வெடிக்கும். நாற்காலியையே தூக்கிப் போடத் தேவையில்லை, சிலிண்டரை மட்டும் மாற்றலாம். நாற்காலியைக் கவிழ்த்து, சிலிண்டரின் வெளிக்குழாய் விளிம்பில் ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் ஐந்துகால் அடித்தளம் கழன்றுவரும். நடுவிலுள்ள பின்னில் அடிக்க வேண்டாம். மேல்முனை, ஆசனத்துக்கு அடியிலுள்ள டில்ட் (சாய்வு) பெட்டிக்குள் இறுகியிருக்கும். டபிள்யூடி-40 அடித்து, கால் மணி நேரம் விட்டு, பைப் ஸ்பேனரால் முறுக்கினால் விடும். புதிதாக வாங்குமுன் மூன்றை அளந்துகொள்ளுங்கள்: வெளிக்குழாய் விட்டம் (பெரும்பாலும் 50 மி.மீ.), மேல்முனை விட்டம் (பெரும்பாலும் 28 மி.மீ.), மொத்த நீளம். குட்டையானவர்கள் இதே வாய்ப்பில் குறைந்த நீளச் சிலிண்டர் போட்டால் உயரப் பிரச்சினையும் தீரும். பொருத்தும்போது கிரீஸ் தடவக் கூடாது. கூம்பான முனை உராய்வில்தான் பிடித்து நிற்கிறது. மேலே உட்கார்ந்தாலே இறுகிவிடும்.

நாற்காலியோடு வரும் கடினமான நைலான் சக்கரம் கம்பளத்துக்கு ஏற்றது. நம் வீடுகளில் டைல்ஸ். இடுக்குகளில் கடகடக்கும், பார்க்கே மரத்தரையில் கோடு போடும். மென்மையான சக்கரம் மாற்றினால் போதும், சாதாரண அச்சு 11 மி.மீ. ஐக்கியா நாற்காலிகளில் 10 மி.மீ. வரும், அளக்காமல் வாங்கினால் ஆடும். பெரிய சக்கரம் ஆசனத்தை உயர்த்திவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பினாங்கில் கடலோரம், பத்து ஃபெரிங்கி பக்கம் குடியிருப்பவர்கள் குரோம் பூசிய இரும்பு அடித்தளத்தைத் தவிர்ப்பது நல்லது. வெல்டிங் மூட்டில் துரு தொடங்கும். நைலானோ அலுமினியமோ போதும்.

கைப்பிடி, முதுகு ஸ்க்ரூக்களை முதல் மாதத்திலேயே ஒருமுறை முடுக்க வேண்டும். அதற்காக முழு பலத்தையும் காட்டினால் பிளைவுட்டில் பதித்த நட்டு பிடுங்கிக்கொள்ளும். பிறகு கைப்பிடி ஆட்டம் நிற்காது.

‘பிஃப்மா சான்று’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் மயங்க வேண்டாம். பிஃப்மா என்பது தரச் சோதனைகளை வகுக்கும் அமெரிக்க அறைகலன் உற்பத்தியாளர் சங்கம். பிஃப்மா எக்ஸ்5.1 சோதனையில் 57 கிலோ எடையை ஆசனத்தின்மேல் 100,000 தடவை போடுவார்கள். சில விற்பனையாளர்களிடம் உள்ள அறிக்கையோ சிலிண்டருக்கோ சக்கரத்துக்கோ மட்டும் உரியது. முழு நாற்காலிக்கான அறிக்கையைக் கேளுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய அலுவலக நாற்காலிகளைப் புதுப்பித்து விற்கும் கடைகளும் உண்டு. அதே காசுக்குக் கிடைக்கும் புது நாற்காலியைவிட இவை பெரும்பாலும் மேல். 1994-ல் வந்த, ஹெர்மன் மில்லர் நிறுவனத்தின் ஏரோன் என்ற மெஷ் நாற்காலியை எடுத்தால், ஆசன ஆழத்தை மாற்ற முடியாது. அதனால்தான் ஏ, பி, சி என்று மூன்று அளவு. முதுகுச் சட்டத்தின் மேல்முனையில் பின்பக்கம் விரலால் தடவினால் புள்ளிகள் தட்டுப்படும்: ஒன்று ஏ, இரண்டு பி, மூன்று சி. மெஷ் சட்டத்தோடு வார்க்கப்பட்டது, கிழிந்தால் தைக்க வழியில்லை, சட்டத்தோடுதான் மாற்ற வேண்டும். சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏரோன் ஆகாது. சுற்றிலும் உள்ள கடினமான சட்டம் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும்.

உத்தரவாதச் சீட்டில் பத்து ஆண்டு என்றிருந்தாலும் சிலிண்டர், ஃபோம், மேலுறை அதில் அடங்குமா என்று தனியாகப் படியுங்கள். பெரும்பாலும் இரும்புச் சட்டத்துக்கு மட்டும்தான். கடைக்காரர் கையை விரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும், வாங்கிய நாளில் நாற்காலியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து எடுத்த படங்களையும் வைத்திருங்கள்.