ஆற்றுப்பாலை என்று சொல்லி பாட்டில் பிரஷ் விற்கிறார்கள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் கன்று வாங்குவோர் கவனத்திற்கு

குளக்கரைக்கும் வாய்க்கால் ஓரத்திற்கும் நாட்டு மரக்கன்று தேடி வருபவர்களிடம், புதுச்சேரி எல்லைக்குள் நாற்றங்கால் வைத்திருக்கும் ஒருவர், பாட்டில் பிரஷ் என்னும், சிவப்புப் பிரஷ் போலப் பூக்கும் அழகு மரத்தின் கன்றுகளை ‘நாட்டு வில்லோ’ என்றும் ‘ஆற்றுப்பாலை’ என்றும் சொல்லி விற்று வருகிறார். கடலூரை அடுத்த எங்கள் நிலத்துக் குட்டையின் கரை சரியாமல் இருக்க, கன்று ஒன்றுக்கு 350 ரூபாய் வீதம் அவரிடம் வாங்கினோம். பிறகு அந்தக் கன்றுகளுக்கு ‘நோய்’ வந்துவிட்டதாகச் சொல்லி, மருந்தையும் அவரே எங்கள் தலையில் கட்டினார்.

வில்லோ எனப்படும் நீரோர மர வகையைச் சேர்ந்த ஆற்றுப்பாலை நம் நாட்டு மரம்தான். சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா என்பது அதன் அறிவியல் பெயர். ஓடைக்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும், குறிப்பாக மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆற்றோரங்களிலும் வளர்வது. ஆனால் கிளைகள் தரையை நோக்கித் தொங்கும் அழகைக் காட்டித்தான் அந்த நபர் விற்கிறார். அப்படித் தொங்குவது சீனாவைச் சேர்ந்த வேறொரு வில்லோ இனம். பாட்டில் பிரஷிலும் தொங்கும் வகை ஒன்று உண்டு, அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆற்றுப்பாலையின் கிளைகள் அவ்வாறு தொங்குவதில்லை என்பதால், ‘தொங்கும் நாட்டு வில்லோ’ என்று யார் சொன்னாலும் அங்கேயே சந்தேகப்படலாம்.

தாவரவியல் படித்த உறவினர் ஒருவர் வந்தபோது, எந்தக் கருவியும் இல்லாமல் இலையை வைத்தே உண்மையைக் காட்டினார். எங்கள் கன்றின் இலை ஒடுங்கி, விறைப்பாக, ஓரம் வழவழப்பாக இருந்தது. அதைக் கசக்கியதும் தைல வாடை அடித்தது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசியால் குத்தியது போன்ற ஒளிப்புள்ளிகள் இலை முழுவதும் தெரிந்தன. அவை எண்ணெய்ச் சுரப்பிகள், வில்லோ இலையில் இருப்பதில்லை. ஆற்றுப்பாலையின் இலை ஈட்டி வடிவில் நீண்டது, ஓரத்தில் நுண்ணிய பற்கள் கொண்டது, அடிப்புறம் வெளிறிய நிறமுடையது. அதன் மொட்டை ஒரே ஒரு செதில்தான் தொப்பியாக மூடியிருக்கும். பெயரில் ‘பாலை’ இருந்தாலும் இலையைக் கிள்ளினால் பால் வடியாது. வடிந்தால் அது வெட்பாலையாகவோ ஏழிலைப்பாலையாகவோ இருக்கலாம். ஆற்றுப்பாலையின் பூக்களுக்கு இதழ்களே கிடையாது, ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. சிவப்புப் பிரஷ் போலப் பூத்தால் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மருந்து விற்றதுதான் இதில் பெரிய அநியாயம். இலைகளில் கருப்பு படிந்ததும் அவரை அழைத்துக் காட்டினோம். வில்லோவுக்கு வரும் துரு நோய் என்று சொல்லி, பெயர்ச்சீட்டு கிழிக்கப்பட்ட புட்டி ஒன்றைக் கொடுத்து 900 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு அடுத்த முறை தருவதாகச் சொன்னார். வில்லோவைத் தாக்கும் துரு, மெலம்ப்சோரா என்னும் பூஞ்சையால் வருவது. இலையின் அடியில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பொடி பொடியாகத் தெரியும், விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். பாட்டில் பிரஷை அது தாக்குவதில்லை. வில்லோவில் சாம்பல் நோயும் வரும், அதுவோ வெள்ளை மாவு பூசியது போலிருக்கும். தண்டில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் பெரிய வில்லோ அசுவினி 5 மில்லிமீட்டருக்கும் மேல் வளரும், அதன் முதுகில் ஒற்றைக் கூம்பு நிற்கும். இவற்றில் ஒன்றுகூட எங்கள் கன்றுகளில் இல்லை. இருந்தது மாவுப்பூச்சியும், அது கசியவிடும் இனிப்பு நீரில் படர்ந்த கரும்பூசணமும்தான். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடித்துவிட்டு, லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து தெளித்ததிலேயே அது அடங்கிவிட்டது. பெயர்ச்சீட்டு இல்லாத எந்தப் பூச்சிக்கொல்லியையும் குட்டை ஓரத்தில் தெளிக்க விடாதீர்கள். மீனும் தவளையும் இருக்கும் நீர் அது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கடை புதுச்சேரியில் இருப்பதால் அங்கே வந்து வழக்குப் போடும்படி சொல்லிக் கையை விரித்தார். அது பொய். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் விவரம் கேட்டுக்கொள்ளலாம். கன்றுக்குக் கொடுத்த பணத்திற்கு ஜிபே பதிவும், ‘ஆற்றுப்பாலை’ என்று அவரே எழுதி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் எங்களிடம் இருப்பதால், கடலூரிலேயே புகார் கொடுக்கிறோம். மருந்துப் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டதால் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவரிடம் வாங்கிய வேறு யாரேனும் இருந்தால், கன்றின் படத்தையும் பணம் கொடுத்த பதிவையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.